ஆறு ஈயக்கட்டிகள்

பட்டு வந்து நாற்பது நாள் ஆயிற்று. அதற்குள் மிளகின் சுழல் நாற்காலி போயிற்று. ஜன்னலோரப் படுக்கை போயிற்று. காது கிழியாத ஒரே தலையணையும் போயிற்று. இன்னும் என்ன மிச்சம் என்று மிளகு யோசித்துப் பார்த்தாள். பல் தேய்க்கும் பிரஷ்தான் மிச்சம் என்று தோன்றியது.

மிளகுக்கு வயது பத்து. பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்தாளாம். அதனால் அண்ணன் வைத்த பெயர் அது. காரம் பிறகுதான் தெரியவந்தது.

பட்டு அவளுடைய சித்தி மகள். ஒரு வயது சின்னவள். சித்தி கப்பல் கட்டும் இடத்தில் வெல்டிங் பயிற்சிக்குப் போயிருந்தார். மூன்று மாதப் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு மட்டும்தான் அங்கே போன் பேச விடுவார்கள். அதனால் பட்டு பெரியம்மா வீட்டில் இருந்தாள்.

படுக்கை, தலையணை எல்லாம்கூடப் போகட்டும். மிளகால் பொறுக்கவே முடியாதது வேறு ஒன்று. ‘அடியாழம்’ விளையாட்டில் பட்டு அவளைவிட நன்றாக நீந்தினாள்.

மிளகின் அம்மா ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். ஞாயிறு மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டால், பின்பக்கத்து இரண்டு கம்ப்யூட்டர்களும் பிள்ளைகளுக்கு. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இருவரும் ஒரே கடலில் குதிப்பார்கள்.

கடலுக்குள் மூழ்கிக் கிடைப்பதை எடுத்துவந்து, கடலுக்குள்ளேயே வீடு கட்டிப் பிழைக்க வேண்டும். அதுதான் விளையாட்டு. ஆளுக்கு ஒரே உயிர். காற்றுத் தீர்ந்து செத்தால் கட்டிய வீடும் சேர்ந்து மறைந்துவிடும்.

பட்டுவுக்கு விளையாடக் கற்றுக்கொடுத்ததே மிளகுதான். இப்போது அதை நினைத்தால் தன் விரலையே கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

மிளகு எதைக் கண்டாலும் பையில் போடுவாள். செம்பு, இரும்பு, சங்கு, மூன்று கத்தி, இரண்டு கோடாரி. எது எப்போது தேவைப்படும் என்று யாருக்குத் தெரியும்? பை எப்போதும் அறுபது கிலோவுக்கு மேல் இருக்கும். ஏறும்போது திரையில் அவளுடைய ஆள் சேற்றில் மாட்டிய எருமை போலக் கையை அசைப்பான்.

“ஏய் மிளகு, நீந்துறியா, வீடு மாத்துறியா?” என்பான் அண்ணன். அவன் எதிரே உட்கார்ந்து புத்தகங்களுக்குச் சுருள் கம்பி மாட்டிக்கொண்டிருப்பான். “பட்டுவப் பாரு. மீன் குட்டி மாதிரி போறா.”

பட்டு ஒரு விளக்கும் ஒரு கத்தியும்தான் எடுத்துப்போவாள். பை காலி. சர்ரென்று இறங்குவாள், வேண்டியதை எடுப்பாள், சர்ரென்று ஏறுவாள். நாற்பது நாளில் கண்ணாடிச் சுவர் வைத்து மூன்று அறை கட்டிவிட்டாள். ஞாயிறுதோறும் போனைத் திரைக்கு நேராகப் பிடித்துத் தன் அம்மாவுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டுவாள். சித்தியும் அங்கிருந்து, “அந்த மூலையில கசியப்போகுது, இன்னொரு ஒட்டுப் போடு,” என்று நிஜமாகவே வேலை சொல்லுவார்.

மிளகிடம் வீடே இல்லை. பைதான் இருந்தது.

அன்றைக்கு ஞாயிறு. மணி ஐந்தரை.

“இன்னிக்கு அந்தக் கப்பல் மணிய எடுத்துடப்போறேன்க்கா,” என்றாள் பட்டு. “வாசல்ல மாட்டி அம்மாவுக்கு அடிச்சுக் காட்டணும்.”

மிளகுக்கு வயிறு எரிந்தது. அந்த உடைந்த கப்பலைக் கண்டுபிடித்ததே அவள்தான். பதினோரு முறை இறங்கியிருக்கிறாள். பதினோரு முறையும் பாதியில் காற்றுக் குறைந்து வெறுங்கையோடு ஏறினாள். இவள் ஒரே முறையில் எடுத்து வாசலில் மாட்டுவாளாம்.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது.

பையில் இருபது கிலோ வரை ஒன்றும் தெரியாது. அதற்கு மேல் போனால் கை தளரும், காற்று இரண்டு மடங்கு வேகத்தில் குறையும். மிளகைவிட இது யாருக்கு நன்றாகத் தெரியும்? செத்துப்போகமாட்டாள். கொஞ்சம் திணறுவாள், மணியை விட்டுவிட்டு வருவாள். அவ்வளவுதான். அவ்வளவே போதும்.

படகின் மேல் நின்ற பட்டுவின் ஆள் பக்கத்தில் மிளகு தன் ஆளைக் கொண்டுபோய் நிறுத்தினாள். தன் பையில் கொள்ளாமல் படகில் போட்டிருந்த ஈயக்கட்டிகளை எடுத்தாள். ஒவ்வொன்றும் எட்டு கிலோ. ஒன்று, இரண்டு என்று ஆறு கட்டிகளைப் பட்டுவின் பைக்குள் தள்ளினாள்.

“எனக்கா?” என்றாள் பட்டு.

“ஆமா, வச்சுக்கோ.”

“ஆறுமேவா?”

“ஆமான்னு சொல்றேன்ல.”

பட்டு பெரியம்மாவைத் திரும்பிப் பார்த்துக் கத்தினாள். “பெரியம்மா, அக்கா எனக்குப் பரிசு குடுத்துச்சு.”

“என் பொண்ணுக்கு எப்பவும் நல்ல மனசு,” என்றார் அம்மா, காகிதக்கட்டைப் பிரித்துக்கொண்டே.

மிளகின் காது சூடாயிற்று. அண்ணன் மட்டும் தலையைத் தூக்கி அவளை ஒரு மாதிரி பார்த்தான். அவள் திரையைப் பார்த்துக்கொண்டாள்.

பட்டு குதித்தாள். கல்லைப் போட்டதுபோல இறங்கினாள். வழக்கமாக இருபது விநாடி ஆகும் தூரம், ஏழு விநாடியில் முடிந்தது.

“அக்கா, செம வேகம்,” என்று சிரித்தாள்.

மிளகு பல்லைக் கடித்தாள். கனம் இறங்கும்போது உதவும் என்பதை எரிச்சலில் மறந்துவிட்டாளே. கெடுக்கப்போனால் உதவியல்லவா ஆகிவிட்டது.

பட்டு கப்பலுக்குள் நுழைந்து மணியைக் கழற்றினாள். பதினைந்து கிலோ. திரும்பி நீந்தினாள். ஆள் கையை அசைத்தான், ஆனால் நகரவில்லை.

“ஏறமாட்டேங்குதே,” என்றாள் பட்டு. காற்று நாற்பது விநாடியைக் காட்டியது. சட்டென்று முப்பத்தாறு.

“எதையாவது கீழ போடு,” என்றான் அண்ணன்.

பட்டு கத்தியைப் போட்டாள். கையிலிருந்த விளக்கையும் போட்டாள். அந்தக் கடலில் போட்டால் போட்டதுதான். நீரோட்டம் அள்ளிக்கொண்டு போய்விடும். அவள் திரை கறுத்தது.

“லூசு, விளக்க ஏன்டி போட்ட?” மிளகுக்குக் குரல் எழும்பியது. “ஈயத்தப் போடு.”

“மாட்டேன்.”

“ஏன்?”

“நீ குடுத்ததாச்சே.” பட்டு திரையைவிட்டுக் கண் எடுக்கவில்லை. “நான் வந்ததுலேருந்து நீ எனக்குக் குடுத்தது இது ஒண்ணுதான்.”

காற்று இருபத்து ஆறு.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் எண் குறைந்துகொண்டே இருந்தது. இருபத்து நான்கு. இருபத்து இரண்டு. மூன்று அறை. கண்ணாடிச் சுவர். ஆறு மணிக்குச் சித்தி.

“அது பரிசு இல்ல,” என்றாள் மிளகு. “நீ மெதுவாப் போகணும்னு குடுத்தேன். குப்பை அது. கீழ போடு.”

அண்ணன் கையிலிருந்த கம்பி சுழல்வது நின்றது. முன்பக்கம் காகிதச் சத்தமும் நின்றது.

பட்டுவின் விரல் மட்டும் நகர்ந்தது. ஒரு கட்டி விழுந்தது. இரண்டு. மூன்று. ஐந்து வரை போட்டாள். காற்று பதினான்கு விநாடிக்கு வந்திருந்தது. இப்போது அவளால் நீந்த முடிந்தது. ஆனால் வாசல் எங்கே? இருட்டில் சுவரில் போய் முட்டினாள். திரும்பி இன்னொரு சுவரில் முட்டினாள்.

“வழி தெரியல,” என்றாள். குரல் உடைந்துவிட்டது.

மிளகு படகின் மேல் நின்றாள். கையில் விளக்கு இருந்தது. முதுகில் நிரம்பிய சிலிண்டர் இருந்தது. பக்கத்தில் போய் நின்றால் ஒரே சிலிண்டரில் இரண்டு பேரும் மூச்சு விடலாம். ஆனால் பையைக் காலி செய்துவிட்டு நீந்திப்போனால் இருபது விநாடி ஆகும். பட்டுவுக்கு இருப்பது பதின்மூன்று.

இருபது விநாடி. ஆனால் பட்டு ஏழு விநாடியில் இறங்கினாளே.

மிளகு பையைக் காலி செய்யவில்லை. முழுப் பையோடும் குதித்தாள்.

செம்பும் இரும்பும் கோடாரியும் சேர்ந்து அவளைக் கீழே இழுத்துக்கொண்டு போயின. ஏறும்போதுதான் சுமை எதிரி. இறங்கும்போது அதைவிட நல்ல வாகனம் கிடையாது. ஆறு விநாடியில் கப்பலின் தளத்தில் ‘தொப்’ என்று போய் நின்றாள்.

இப்போது ஏற வேண்டுமே. ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்துப் போட நேரமில்லை. ‘எல்லாம் போடு’ என்று ஒரு பொத்தான் உண்டு. ஆறு மாதமாக மிளகு அதைத் தொட்டதே இல்லை. பையின் அடியில் ஒரு கறுப்பு முத்து இருந்தது. யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தாள்.

அழுத்தினாள்.

ஆறு மாதமும் ஒரே நொடியில் சிதறிப் போயிற்று. முத்து உருண்டு போவதை அவள் பார்க்கவில்லை. விளக்கைத் தூக்கிப் பிடித்துக் கொண்டு உள்ளே பாய்ந்தாள்.

“வெளிச்சத்தப் பாத்து வா. இந்தப் பக்கம். இடது பக்கம்டி.”

காற்று மூன்று. இரண்டு. பட்டுவின் ஆள் மிளகின் ஆள்மேல் வந்து மோதினான். சிலிண்டர் இரண்டு பேருக்கும் திறந்துகொண்டது. எண் மெல்ல மேலே ஏறியது. அண்ணன் பெருமூச்சு விட்டான்.

“மணிய என் பையில போடு,” என்றாள் மிளகு. “உனக்குக் கனமா இருக்கும்.”

பட்டு அவளைத் திரும்பிப் பார்த்தாள். நேரிலேயே, கண்ணுக்கு நேராக.

“திருப்பித் தருவியா?”

“தருவேன்.”

“சத்தியமா?”

“அடியே, காத்து தீருது.”

மணி மிளகின் பைக்குப் போயிற்று. இருவரும் ஏறினார்கள். காலிப் பையோடு நீந்துவது இப்படி இருக்கும் என்று மிளகுக்குத் தெரியவே தெரியாது. மேலே வந்ததும் மணியை எடுத்துப் பட்டுவிடம் தந்தாள். பட்டு அதைக் கொண்டுபோய்த் தன் வீட்டு வாசலில் மாட்டினாள்.

போன் அடித்தது. மணி ஆறு.

“அங்க எல்லாரும் எப்படிடா இருக்கீங்க?” என்றார் சித்தி. வெல்டிங் கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தது.

மிளகு எழுந்து போய்விடலாமா என்று பார்த்தாள். அம்மா கதவருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். போக வழியில்லை.

பட்டு மணியை அடித்துக் காட்டினாள். பிறகு சொன்னாள். “அம்மா, மிளகக்கா என் பையில ஈயத்த வச்சு என்னைச் சாகடிக்கப் பாத்துச்சு. அப்புறம் அதுவே குதிச்சு வந்து காப்பாத்துச்சு. அது சேத்து வச்சது எல்லாம் போச்சு.”

“ரெண்டும் ஒரே நாள்லயா?”

“அரை மணி நேரத்துல.”

சித்தி சிரிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டது தெரிந்தது. “மிளகு, இங்க வா. என்ன கோபம் உனக்கு?”

மிளகு தரையைப் பார்த்தாள். “நாற்காலி,” என்றாள். பிறகு, “தலையணை.” பிறகு மிகவும் மெதுவாக, “அவ நல்லா நீந்துறா.”

“நாற்காலிய நான் கேக்கவே இல்லியே,” என்றாள் பட்டு. “பெரியம்மாதான் உக்காரச் சொன்னாங்க. அது ஒரு பக்கம் சாயுது வேற. எனக்கு முதுகு வலிக்குது.”

கதவருகே அம்மா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “அது என் தப்புதான். கேட்டிருக்கணும்.”

அடுத்த ஞாயிறு சாய்கிற நாற்காலியில் மிளகு உட்கார்ந்தாள். அதற்கடுத்த ஞாயிறு பட்டுவின் முறை என்று பேச்சு. படகின் மேல் இருவரும் ஆளுக்கொரு ஈயக்கட்டியோடு நின்றார்கள். இறங்கும்போது பிடித்துக்கொள்ள, அடியில் போட்டுவிட.

“ஒண்ணு நீ போடவே இல்லியா?” என்று மிளகு கேட்டாள். பட்டுவின் வீட்டுக்குள், சுவரோரத் தட்டில், அந்த ஆறாவது ஈயக்கட்டி உட்கார்ந்திருந்தது.

“இல்ல.”

“அதான் குப்பைன்னு சொன்னேன்ல.”

“இருக்கட்டும். குடுத்தது குடுத்ததுதான்.”

தட்டுக்குக் கீழே மிளகின் விளக்கு மாட்டியிருந்தது. அவளுக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான். மூன்றாவது அறையைப் பட்டு அவளுக்குக் கொடுத்திருந்தாள்.

அண்ணன் எட்டிப்பார்த்தான். மிளகின் பையில் எட்டு கிலோதான் இருந்தது. “என்ன மிளகு, இன்னிக்கு வீடு மாத்தலையா?”

“மாத்தியாச்சு,” என்று சொல்லிவிட்டு மிளகு குதித்தாள்.