உள் ஜாதகம்

திருச்சுழி பூமிநாதர் சன்னிதியில் எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சொல்வது இது. ஒரு சொல் பொய்யென்றால், மிச்சமிருக்கும் இரண்டு பல்லும் இன்றே உதிரட்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நடுப்பகலில், பாளையம்பட்டியில் ஒரு மாடியறையில் திருமணத் தகவல் மையம் நடத்தும் தங்கலட்சுமி, மூன்று நாளாகத் தொடாத பிரிண்டரின் மேல் தற்செயலாகக் கை வைத்தாள். கறந்து முடித்த பசுவின் மடிபோல் அது வெதுவெதுவென்றிருந்தது. ஜன்னல் வழியே வந்த சுட்ட மண் வாடைக்குள் கருகிய மையின் வாடையும் கலந்திருக்க, ஓயாமல் அரைக்கும் எதிர் மாவு மில்லும் அன்று வாயடைத்துக் கிடந்ததில், அறைக்குள் ஏதோ ஒன்று மெல்ல மூச்சு வாங்குவது நன்றாகவே கேட்டது.

பயத்துக்கு முன் அவளுக்குக் கோபம்தான் வந்தது.

ஒவ்வொரு வரனுக்கும் அவளிடம் இரண்டு ஜாதகம் உண்டு. வரன் பார்க்கிற மறுதரப்பாரிடம் கொடுக்க வெளி ஜாதகம். உண்மையான வயது, முறிந்த நிச்சயம், மறைத்த சீக்கு எல்லாம் எழுதிய உள் ஜாதகம் அவள் கண்ணுக்கு மட்டும். ஒன்றுக்கொன்று மாறிவிடக்கூடாதே என்று இரண்டையும் ஒரே ஃபைலில் போட்டு, வெள்ளிதோறும் பென்டிரைவில் நகலெடுத்து, அதற்குக் குங்குமம் வைத்து, மஞ்சள் துணியில் முடிந்து பீரோவில் பூட்டுவாள். சனிக்கிழமை எவனோ இன்டர்நெட் வழியே புகுந்து கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டுத் திரையில் ஆங்கிலக் கடிதம் விட்டான். காரியாபட்டியிலிருந்து வந்த சர்வீஸ்காரன் மதன்குமார் அதைப் பாதி படித்ததுமே சிரித்தான். பென்டிரைவைச் செருகினான். ஒரு மணி நேரத்தில் எல்லா ஃபைலும் திரும்பிவிட்டது. அவள் வாசலில் பூசணிக்காய் உடைத்தாள்.

இப்போது அவனுக்கே போன் போட்டாள்.

“மதனு, அந்தக் கடுதாசில மீதிப் பாதி என்னடா?”

“பணம் குடுக்கலைன்னா எல்லாத்தையும் வெளியில விட்ருவானாம்க்கா. கிடக்கான். நம்மகிட்டதான் பேக்கப் இருக்குல்ல?”

“நம்மகிட்ட இருக்குடா. அவன்கிட்ட?”

“அவன்கிட்டயும்... இருக்கும்க்கா.”

“அத அன்னைக்கே சொல்ல, வாயில கொழுக்கட்டையாடா வச்சிருந்த?”

“நீங்க கேக்கலியேக்கா.”

போனை வைத்தாள். பிரிண்டர் கனைத்தது. ஒரு தாள் வந்தது.

நாகஜோதி. அவள் மகள். வெள்ளிக்கிழமை திருச்சுழி உதயகுமாரோடு முகூர்த்தம். ‘பதினொரு வயதிலிருந்து வலிப்பு. தினமும் மாத்திரை. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாது.’

தாள் வைக்கும் தட்டை உருவி எறிந்தாள். பிரிண்டர் நிற்கவில்லை. இன்னொரு தாள். அதே பெயர்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம். நாகஜோதியேதான் வந்து நின்றாள், கையில் போனோடு.

“அவுக வீட்டுல எல்லார் போனுக்கும் போயிருச்சு. ஏம்மா, எஞ் சீக்குக்குக் குங்குமம் வச்சுப் பத்திரப்படுத்துனியாக்கும்?”

“கல்யாணம் முடியட்டும்னுதாண்டி...”

“அவருகிட்ட நானே சொல்றேன்னேன்ல? நீதான வாயப் பொத்துன!”

பிரிண்டர் மறுபடியும் துப்பியது. மகள் குனிந்து எடுத்தாள். படித்தாள்.

‘ஒன்பது நாளாக வலிப்பு மாத்திரை கொடுக்கவில்லை. டாக்டர் மாற்றிவிட்டார் என்று பொய் சொல்லிச் சத்து மாத்திரை. அசல் மாத்திரை இருந்தால், சீர்ப்பெட்டியைப் பிரிக்கிற மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் கண்ணில் பட்டுவிடும்.’

இதைத் தங்கலட்சுமி டைப் செய்யவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. நெஞ்சுக்குள் மட்டும்தான் வைத்திருந்தாள். அதையும் அவன் எடுத்திருந்தான்.

“அம்மா?”

முதலில் மகளின் கட்டைவிரல் துடித்தது. பிறகு கை. பிறகு விழுந்தாள். குதிகால் தரையில் அடித்தது. டக். டக். டக். பிரிண்டரும் அதே தாளம். டக். டக். தாள்கள் பறந்து வந்து மகளின் முகத்தை மூடின. தங்கலட்சுமி விலக்க விலக்க வந்தன. எல்லாவற்றிலும் அதே வரிகள். அச்செழுத்து இல்லை. தாயின் கையெழுத்து.

அன்று மாதாந்திரப் பராமரிப்பு நாள். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை பாளையம்பட்டியில் ஒரு வீட்டிலும் கரண்ட் இல்லை.