ரொஸ்னாவின் ஏழு கதிர்கள்

பொங்கல் முடிந்து நான்காம் நாள் காலை செல்வநாயகியின் தலையணையில் உமி கிடந்தது. ஒன்றிரண்டு அல்ல, ஒரு கைப்பிடி இருக்கும். தலைமுடிக்குள்ளும் ஒட்டியிருந்தது. எழுந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஜன்னல் வழியே போட்டாள். டத்தோ கெராமாட் சாலைக்குப் பின்னால் இருந்த அந்த வரிசை வீட்டுக்குள் உமி வர வழியே இல்லை. அரிசி கடையிலிருந்து பத்துக் கிலோ பையில் வரும். நெல்லை அந்தத் தெருவில் பாதிப் பேர் படத்தில்தான் பார்த்திருப்பார்கள்.

நெல் அந்த வீட்டுக்குள் வந்தது ஒரே ஒரு தடவை. அதை நினைத்ததும் அவள் கை வயிற்றின் மேல் போனது.

அந்த வயிற்றுக்காகத்தான் இத்தனையும். கல்யாணமாகிப் பதினோரு வருடம், இரண்டு முறை கலைந்து, மூன்றாவதாகத் தங்கிய பிள்ளை. இப்போது ஏழாம் மாதம். குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் அவள் கணவர் ஸ்ரீஸ்கந்தராஜா வேலைக்கு ஆள் வைத்தார். ரொஸ்னா சுமத்ராவிலிருந்து கப்பலேறி வந்தவள். இருபத்தாறு வயது. இதற்கு முன் வேறொரு தமிழ் வீட்டில் மூன்று வருடம் இருந்ததால் தமிழ் தட்டுத் தடுமாறாமல் பேசுவாள்.

மத்தியானங்களில் செல்வநாயகியின் காலைப் பிடித்துவிட்டபடி ரொஸ்னா தன் ஊரைப் பற்றிச் சொல்வாள். முப்பத்திரண்டு வீடு, ஒரு சின்னத் தொழுகைக்கூடம், ஒரு ஓடை. லாரி வருகிற ரோட்டுக்கு மூன்று மணி நேரம் நடக்க வேண்டும். மின்சாரம் கிடையாது. வாத்தியார் வாரத்தில் இரண்டு நாள் வருவார், மழை பெய்தால் அதுவும் இல்லை. மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி வயல் செய்திருக்கிறார்கள். எந்தப் படி யாருடையது என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் விதைக்குத் தாய் மட்டும் ஊருக்கே ஒன்றுதானாம். அது எப்படி என்று செல்வநாயகி கேட்டுக்கொள்ளவில்லை. வயல் என்பதை ரயில் ஜன்னலில் பார்த்ததோடு சரி, அவளுக்கு எல்லாமே கதையாக இருந்தது.

பொங்கலன்று விடியற்காலையில் ரொஸ்னா கரும்பு வாங்க பசாருக்குப் போயிருந்தாள். அரிசி டின்னுக்குள் கையை விட்ட செல்வநாயகிக்கு அடியில் ஒரு வெள்ளைத் துணி மூட்டை தட்டுப்பட்டது. பிரித்தால் ஏழு நெற்கதிர்கள், நூல் சுற்றிக் கட்டியது. புது நெல்! பட்டணத்துப் பொங்கலுக்குப் புத்தரிசி எங்கே கிடைக்கும்? வயக்காட்டுப் பெண், ஆசையாகக் கொண்டுவந்து சொல்லாமல் ஒளித்துவைத்திருக்கிறாள் என்று அவளாகவே முடிவு கட்டிவிட்டாள். கெட்டிக்காரி. கையால் உதிர்த்து, சின்னக் கல்லுரலில் குத்தி, புடைத்து, கடை அரிசியோடு சேர்த்துப் பானையில் போட்டாள். சூரியனுக்குப் படைத்தாள். முதல் வாயைப் பிள்ளைக்கென்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டாள். அவ்வளவு ருசியான பொங்கலை அவள் வாழ்நாளில் சாப்பிட்டதில்லை.

ரொஸ்னா திரும்பி வந்து வெறும் துணியைப் பார்த்தாள். கத்தவில்லை. கரும்போடு அப்படியே அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எல்லாத்தையுமா அக்கா?"

"ஆமா. எனக்காகத்தானே வெச்சிருந்த?"

"அதுதான் ஊரோட விதைக்குத் தாய். எங்கம்மா அதுக்குக் காவல் இருந்தாங்க. அவங்க போனப்புறம் நான். விதைக்கிற மாசம் வரைக்கும் காவக்காரிகூடவே இருக்கணும். தனியா விட்டா அழுவா அக்கா. அவ புள்ள மாதிரி."

"ஐயோ, தெரியாம செஞ்சிட்டேன் லா. சாரைக் கேட்டு வேற நெல் வாங்கித் தரேன். அவர் வேலை செய்யிற கெப்பாலா பத்தாஸ்ல எங்க பாத்தாலும் வயல்தான்."

"வேற நெல்லு வெறும் நெல்லுதான்," என்றாள் ரொஸ்னா. கண்ணைத் துடைத்துக்கொண்டு செல்வநாயகியின் வயிற்றையே பார்த்தாள். "அவ இப்ப அங்க இருக்கா."

அன்று மாலை ஊருக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டாள்.

அதன் பிறகு கோபித்துக்கொண்டிருந்தாலாவது பரவாயில்லை. பாத்திரத்தைப் போட்டு உடைத்திருக்கலாம், முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்திருக்கலாம். ரொஸ்னா அப்படி எதுவும் செய்யவில்லை. அன்பாக இருந்தாள். தாங்க முடியாத அன்பு. ரேடியோவை நிறுத்திவிட்டாள், கதவை ஓசைப்படாமல் சாத்தினாள், அறைக்குள் வருமுன் வெளியே நின்று மெல்லக் கனைத்தாள். அக்கா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டாள். எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை, காதருகே வந்து காற்றுப் போலப் பேசுவாள். மத்தியானம் செல்வநாயகி கண்ணயர்ந்து விழித்தால் கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்தியிருக்கும்.

மாசி பிறந்ததும் வீட்டில் வாடை வர ஆரம்பித்தது. வெயில் கொளுத்தும் பன்னிரண்டு மணிக்கு, தெருவில் தார் உருகுகிற நேரத்தில், சேற்று வாடையும் பச்சை வைக்கோல் வாடையும் கூடத்தை நிறைக்கும். செல்வநாயகி சாக்கடையைக் கழுவச் சொன்னாள், அலமாரியை நகர்த்தச் சொன்னாள், கடைசியில் தன் முழங்கையை முகர்ந்து பார்த்தாள். வாடை அங்கிருந்துதான் வந்தது. முன்பெல்லாம் பிள்ளை உதைக்கும். இப்போது உதைப்பதில்லை. காற்றில் கதிர் சாய்ந்து நிமிர்வது போல உள்ளே எதுவோ ஒரு பக்கமாகச் சாய்ந்து, சரசரத்து, நிமிர்ந்தது. கிளினிக் நர்ஸ் கருவியை வைத்துக் கேட்டுவிட்டு இதயத்துடிப்பு நன்றாக இருக்கிறது என்றாள்.

"இஞ்சருங்கோ, ரொஸ்னாவை அனுப்பிடுங்க," என்றாள் கணவரிடம்.

"ஏன், என்ன செஞ்சா?"

சொல்ல என்ன இருந்தது? அன்பாக இருக்கிறாள் என்றா?

"பிள்ளைத்தாச்சிக்கு ஆயிரம் நினைப்பு வரும் நாயகி. பெத்த தாய்கூட இப்படிப் பாத்துக்க மாட்டா. எட்டாம் மாசத்துல வேற ஆளுக்கு நான் எங்க போறது? பிள்ளை பொறக்கட்டும் லா, பாப்போம்."

தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே பாலம் திறந்ததிலிருந்து அவர் காலை ஏழு மணிக்கே காரில் அக்கரைக்குப் போய்விடுவார். கெப்பாலா பத்தாஸில் அரசாங்க ஆபீஸ். ஆறு மணிக்குத்தான் வருவார். நடுவில் பதினொரு மணி நேரம் இருந்தது.

பங்குனியில் ஒரு புதன்கிழமை. நல்ல வெயில். ரொஸ்னா அவளைக் குளிப்பாட்டி, கூடத்தில் புதுப் பாயில் உட்காரவைத்து, பின்னால் இருந்து தலை சீவினாள். வெளியே கேட் திறக்கும் சத்தம்.

"யாரு?"

"எங்க ஊர்க்காரங்க. கப்பல்ல வந்தாங்க. பாக்கணும்னாங்க."

ஏழு பெண்கள். வெறுங்கால். கணுக்காலில் காய்ந்த சேறு. வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒருத்தியும் பேசவில்லை. எல்லாரும் சிரித்தார்கள், தொட்டிலுக்குள் எட்டிப் பார்ப்பவர்கள் சிரிப்பது போல. மூத்தவள் மடியில் ஒரு கூடை இருந்தது. வெள்ளைத் துணி விரித்த கூடை.

ஏழு பேரும் வலது கையை மூடியே வைத்திருந்தார்கள்.

"கையில என்ன ரொஸ்னா?"

சீப்பு நின்றது.

"நாங்க கதிர அரிவாளால அறுக்க மாட்டோம்," என்று காதருகே சொன்னாள் ரொஸ்னா. "அரிவாளப் பாத்தா அவ பயந்து ஓடிப்போயிருவா. சின்னக் கத்தி. உள்ளங்கைக்குள்ள மறைச்சு வெச்சுக்குவோம். அன்பாப் பேசிக்கிட்டே அறுப்போம். அவளுக்குத் தெரியவே தெரியாது."

எழுந்திரு. எழுந்திரு என்று செல்வநாயகி தனக்குத்தானே சொன்னாள். கால் வரவில்லை. பாய்க்குள் வேர் இறங்கியது போலிருந்தது.

டெலிபோன் அடித்தது. ரொஸ்னா எழுந்து போய் இடது கையால் எடுத்தாள்.

"நல்லா இருக்காங்க சார். தூங்குறாங்க. நீங்க மெதுவா வாங்க."

என் பிள்ளை. பதினோரு வருடம். செல்வநாயகி இரண்டு கையாலும் வயிற்றை மூடிக்கொண்டாள். "என் பிள்ளை அது," என்றாள். "கேளுங்க. என் பிள்ளை."

பெண்கள் தலையாட்டினார்கள். பிறகு பாட ஆரம்பித்தார்கள். தாலாட்டு. தாழ்ந்த குரல். ஒரே மூன்று ஸ்வரம், திரும்பத் திரும்ப. கூடத்தில் சேற்று வாடை ஏறியது.

எட்டாவதாக ஒரு குரல் சேர்ந்துகொண்டது. மெல்லிய குரல். சந்தோஷமான குரல். ரொஸ்னா என்று நினைத்தாள். திரும்பிப் பார்த்தாள். ரொஸ்னா பாடவில்லை. சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

குரல் செல்வநாயகியின் கைகளுக்குக் கீழே, வயிற்றுக்குள்ளிருந்து வந்தது. அவர்கள் பாஷையில், ஒரு வார்த்தை பிசகாமல்.

மூத்தவள் கூடையைப் பாய்மேல் வைத்துவிட்டு, இன்னும் சிரித்தபடி, முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.