அக்கா வந்திருக்காங்க

குழந்தை கை தட்டிக்கொண்டிருந்தது. மெதுவாக இரண்டு தட்டு, சட்டென்று ஒன்று; பிறகு எதிரே யாரோ பதிலுக்குத் தட்டுவதுபோலக் காத்திருந்து, மோவாயில் எச்சில் வழியச் சிரித்தது. எதிரே வெறும் சுவர்.

வேலையிலிருந்து வந்தவன் செருப்பைக் கழற்றாமலே நின்றுவிட்டான். அந்தத் தாளம் அவனுக்குத் தெரியும். செவ்வாய் தவறாமல் வீட்டுக்கு வந்து, குழந்தையை எடை போட்டு, அதோடு எப்படி விளையாட வேண்டும் என்று தாய்க்குக் காட்டிவிட்டுப் போவாளே, குழந்தைகள் நல மையத்து அக்கா, அவளுடைய தாளம். அவள் செத்து ஒரு மாதம் ஆகப்போகிறது.

இந்த வீட்டு மாடிப்படியில்தான் விழுந்தாள். மழை ஈரம் வழுக்கிவிட்டது என்றார்கள் அக்கம்பக்கத்தார். அவனும் எல்லோருக்கும் முன்னால் நின்று, ஐயோ பாவம் என்று தலையில் கை வைத்துக்கொண்டான். அன்றைக்குத்தான் குழந்தையின் தொடையில் பதிந்திருந்த விரல் தடங்களை அவள் பார்த்திருந்தாள். கத்தவில்லை. அவனைப் படி வரைக்கும் கூப்பிட்டு, அடங்கிய குரலில், "பார்த்தும் பார்க்காத மாதிரி என்னால போக முடியாது, தம்பி. மேல சொல்லத்தான் போறேன்," என்றாள். சொல்லிவிட்டு இறங்கத் திரும்பினாள். அவள் முதுகில் அவன் ஒரு கைதான் வைத்தான்.

இப்படித் தட்ட யார் சொல்லிக்கொடுத்தது என்று அதட்டினான். அவன் குரல் உயர்ந்தாலே தோளைக் குறுக்கிக்கொள்ளும் மனைவி இன்றைக்கு நிமிர்ந்தே இருந்தாள். நிதானமாகக் குழந்தைக்குச் சட்டை மாட்டினாள். மூட்டை கட்டியிருந்த துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"செவ்வாய்க்கிழமை ஆச்சே," என்றாள்.

வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நாள் பூராவும் வெயில் காய்ந்த வீட்டுக்குள் எங்கிருந்தோ நனைந்த துணியின் வாடையும், அதன் அடியில் பல்லைக் கூசவைக்கிற துருவின் வாடையும் மெல்லப் பரவ, கீழே படியில் யாரோ ஏறி வரும் ஓசை கேட்டது; ஒரு கால் வைத்து, மறு காலை இழுத்து, நின்று மூச்சு வாங்கி, மறுபடியும் ஒரு கால் வைத்து, எத்தனையோ வீட்டுப் படிகளை ஏறிச் சலித்தவர்கள் ஏறுவதுபோல அவசரமில்லாமல் வந்தது. குழந்தை தாயின் இடுப்பிலிருந்து கதவுப் பக்கம் கைகளை நீட்டித் துள்ளியது.

"திறக்காதே," என்றான். அவன் காதுக்கே கேட்கவில்லை.

அவள் திறந்தாள். வாசலில் யாரும் இல்லை. ஆனாலும் ஒதுங்கி வழிவிட்டாள்.

"வாங்கக்கா. உள்ளதான் இருக்காரு." பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "யாரு தள்ளிவிட்டதுன்னு அக்கா போன வாரமே சொல்லிட்டாங்க."

வெளியே போனாள். வெளித் தாழ்ப்பாள் விழுந்தது.

விளக்கைப் போட்டான். எரியவில்லை. கதவில் மோதினான். அசையவில்லை. பின்கழுத்தில் ஏதோ பட்டது. ஈரம். ஐந்து விரல்.

அடிக்கவில்லை அந்தக் கை. பச்சைக் குழந்தையைக் கிடத்துவதுபோல, அவ்வளவு பக்குவமாகத் தரையில் குப்புறக் கிடத்தியது. கழுத்து நிற்காத பிள்ளைகளை இப்படித்தான் போட்டுப் பழக்குவார்கள். எழப் பார்த்தான். கைகள் துவண்டன. கால்கள் நீந்தின. கத்த வாய் திறந்தான். மழலைதான் வந்தது.

முகத்துக்கு நேரே இரண்டு பாதங்கள். ஒன்று அவனைப் பார்த்து. மற்றது பின்பக்கம் திரும்பி.

"தலையைத் தூக்குங்க, தம்பி."

தூக்கினான். ஒரு விரற்கடை. நெற்றி தரையில் மோதியது.

"பரவாயில்ல. இன்னொரு தடவை."

மோதியது.

"நல்லா வருது," என்றாள் அக்கா, பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு. "இன்னொரு தடவை."