காப்பு கட்டிய கை

"உன்மேல என்னப்பா பழி?" என்று கேட்டார் ரேணுகாம்பாள். ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர், செய்தித்தாளை மடிக்கக்கூட அவசரப்படாதவர்.

"எல்லை தாண்டிட்டேன்றாங்கம்மா. நாளைக்குத் தீ மிதிக்கக் கூடாதாம்," என்றான் சிட்டிபாபு.

பீர்க்கன்கரணை அம்மனுக்கு ஆடித் திருவிழா. காப்பு கட்டியவர்கள் தீமிதி முடியும்வரை ஊரெல்லை தாண்டக் கூடாது என்பது ஊர்க்கட்டுப்பாடு. சிட்டிபாபுவின் மனைவி ஜோதிலட்சுமியோ தாம்பரம் ஆஸ்பத்திரியில் பிரசவ வலியோடு கிடந்தாள். அவள் நல்லபடியாகப் பெற்றெழத்தான் தீமிதிப்பதாக வேண்டிக்கொண்டான். வேண்டிக்கொண்டதாலேயே அவளிடம் போக முடியவில்லை.

"நேத்து சாயங்காலம் என் வண்டி தாம்பரத்துல பிரியாணிக் கடையாண்ட நின்னுகினு இருந்துச்சாம். கோயிலாண்டதாம்மா வுட்டிருந்தேன், சாவியோட. அவசரம்னா யாருனா எடுத்துப்பாங்க."

பக்கத்துவீட்டு மோகன்ராஜ் யாரும் கூப்பிடாமலே துப்பறிய வருபவர். அதற்குள் ஸ்கூட்டரைச் சுற்றிவந்துவிட்டார். "மேடம், கைப்பிடியில மஞ்சக் கறை. காப்பு கட்டின கைதான் ஓட்டியிருக்கு. கேஸ் க்ளோஸ்."

ரேணுகாம்பாள் சிட்டிபாபுவின் மணிக்கட்டைப் பார்த்தார். இருவேளையும் தலைமுழுகியதில் காப்புக் கயிறு வெளுத்துப் பழந்திரி போலிருந்தது. அதைத் தன் வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்தித் தேய்த்தார். "கோயிலுக்குப் போவோம்," என்றார்.

விழாக்குழுத் தலைவர் பூவராகன் பிளாஸ்டிக் நாற்காலியைச் சிம்மாசனமாக்கி அமர்ந்திருந்தார். சுற்றிலும் பேனர்களில் சிரித்தார், நேரில் சிரிக்கவில்லை. "அம்மனே வந்து சொன்னாலும் கட்டுப்பாடு கட்டுப்பாடுதான்."

"காப்பு கட்டினவங்க எல்லாரும் கையை நீட்டுங்க," என்றார் ரேணுகாம்பாள்.

வெளுத்த கயிறுகளாக நீண்டன. தலைவரின் கை மட்டும் அங்கவஸ்திரத்துக்குள்ளேயே இருந்தது.

"நீங்களும்தான் தலைவரே."

கூட்டம் பார்த்தது. வேறு வழியின்றி வெளிவந்த கையில் பளிச்சென்று மஞ்சள்.

ரேணுகாம்பாள் கைக்குட்டையைக் காட்டினார். "சிட்டிபாபு காப்பைத் தேய்ச்சேன், கறையே ஒட்டலை. வண்டியில ஒட்டினது ஈரம் காயாத புதுக் காப்பு. நேத்து ஒருத்தர் காப்பை அவுத்துட்டுப் போயிருக்கார். திரும்பி வர்றப்ப எல்லையில புதுசு கட்டிக்கிட்டு ஓட்டிட்டு வந்திருக்கார். தலைவர் காரை ஊரே அடையாளம் காணும். அதான் இவன் வண்டி."

பூவராகன் தொண்டையைச் செருமினார். "காப்போட தாண்டினாத்தாம்மா தப்பு. நான் கட்டுப்பாட்டை மதிச்சு, அவுத்துட்டுத்தான் தாண்டினேன்."

"அப்ப அம்மனுக்குக் கட்டின காப்பைப் பாதியில அவுத்தீங்க."

"இல்ல, அவுக்கல..."

"அப்ப காப்போட தாண்டினீங்க."

தலைவருக்கு இரண்டு பக்கமும் கதவு அடைத்திருந்தது.

"பிரியாணி எப்டி இருந்துச்சு தலைவரே?" என்றாள் மீன்கார ரத்தினபாய். கூட்டம் சிரித்தது. பூசாரி கத்தரிக்கோலோடு வந்தார்.

எல்லாரும் சிட்டிபாபுவின் முதுகில் தட்டினார்கள். அவன் சிரிக்கவில்லை. குற்றவாளி என்று தீர்ப்பாகிக் காப்பை அறுத்திருந்தால் இந்நேரம் ஜோதியின் கட்டிலருகே நின்றிருப்பான்.

காப்பு போன பூவராகனை இனி எந்த எல்லையும் தடுக்காது. காரை எடுத்தார். எல்லைக்கல்லருகே சிட்டிபாபு குறுக்கே நின்று, மடியிலிருந்து குங்குமப் பொட்டலத்தை எடுத்தான்.

"தாம்பரந்தான தலைவரே? இத்த ஜோதியாண்ட குடுத்துடுங்க. நாளைக்கு வரேன்னு சொல்லுங்க."

கண்ணாடி இறங்கியது. காப்பில்லாத கை ஒன்று வெளியே நீண்டது.