பதினோரு பேருக்கு ஒரு புகார்

அன்று மதியம் மூன்றாம் தடவையாகக் காலி செய்த கம்ப்யூட்டர் குப்பைப் பெட்டியில் மறுபடியும் அதே மெயில் கிடந்தது. தேயிலைக் கம்பெனியின் குன்னூர் தலைமை ஆபீசில், புகார்ப் பிரிவில் தபித்தாள் ஒருத்திதான் இருந்தாள். தேயிலை விலை விழுந்ததில் மற்ற மூன்று நாற்காலிகளும் காலியாகிவிட்டன. கதவிடுக்கில் புகுந்த மூடுபனியோடு, ஃபேக்டரியில் வாடும் கொழுந்தின் மணமும், அதற்கடியில் வேறொரு ஈர வாடையும் மெல்ல மெல்ல மேஜை வரை வந்தன.

அனுப்பியவர் இருளப்பன், கீழ் டிவிஷன் கணக்கப்பிள்ளை. போன வாரம் தொழிலாளர்களின் லயன் வீடுகள்மேல் மண் சரிந்ததில், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகளோடு புதைந்துபோனவர்.

எஸ்டேட் மெயில் எல்லாம் தபித்தாளின் கம்ப்யூட்டர் வழியாகத்தான் போகவேண்டும். விளம்பரக் குப்பை குவிகிறதென்று, மூன்று பேருக்கு மேல் போட்ட மெயிலை அதுவே குப்பையில் தள்ளிவிடும்படி வைத்தவள் அவள்தான். எஸ்டேட்டுகளுக்குச் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்ற சோம்பல். அங்கத்து வழக்கம் அவளுக்குத் தெரியாததா என்ன? குழாய் ஒழுகினால் ஒருத்தருக்கு எழுதுவார்கள். உயிர் போகிற காரியமென்றால் துரை, டாக்டர், யூனியன் என்று ஊரையே கூட்டுவார்கள். சரிவுக்கு முன்னால் இருளப்பன் பதினோரு பேருக்குப் போட்டிருந்தார்.

"லயனுக்குப் பின்னால மேடு வெடிச்சிருக்கு. பிள்ளைகளைக் கொண்டு எங்க போறது?"

ஒருவருக்கும் அது போய்ச் சேரவில்லை. சரிவுக்கு மறுநாள் அதைக் குப்பையில் கண்டவள், பயந்துபோய் அழித்தாள். யாரிடமும் மூச்சுவிடவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவள் மணிக்கொரு தரம் குப்பைப் பெட்டியைத் திறந்து பார்த்தாள்.

இப்போதும் அழித்தாள். வந்தது. அழித்தாள். வந்தது.

ஆபீஸ் மேனேஜர் ஹெர்பர்ட் வாசலில் வந்து நின்றார். மண்சரிவு விசாரணைக்கு எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

"ஏனுங்கம்மா, இருளப்பன் முன்னாடியே ஏதாச்சும் புகார் அனுப்பியிருந்தாருங்களா?"

சொல்லிவிடு என்றது மனசு. ஆனால் வேலை போனால் வீட்டில் அடுப்பெரியாது.

"ஒண்ணும் வரலீங்க சார்."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். திரையிலிருந்து மெயிலும் போய்விட்டது. தானாகவே.

அப்போதுதான் கண்ணாடியில் தட்டும் சத்தம். மெதுவாக. இரண்டாம் மாடி ஜன்னல் அது.

திரும்பினாள்.

பனிக்குள் நான்கு பேர். கொழுந்து நிறுக்க நிற்பதுபோல வரிசையாக. முன்னால் இருளப்பன். கடைசியில் சின்னது. அவளிடம் ஏதோ சொல்லத்தான் பார்த்தார்கள்.

வாய் திறந்தது. நாலு வாயிலும் செம்மண்.