மாட்டுங்கா வீட்டு டெஸ்ட் ரிப்போர்ட்

கதவு திறந்ததுமே எலெக்ட்ரீஷியன் இசக்கிப்பாண்டிக்கு மீன் நாற்றம் அடித்தது. மாட்டுங்காவில், வெங்காயம்கூடச் சேர்க்காத வீடு அது. அறுபத்து நாலாம் வருஷத்து ஜூலை மழை நாலு நாளாக விடாமல் பெய்து, பகலிலேயே கூடம் மங்கி, சுவரெல்லாம் ஓதம் ஏறி, அடுக்களையிலிருந்து வந்த புளித்த மாவின் வாசனைக்கு அடியில் அந்த நாற்றம் வழவழவென்று நழுவி வந்து அவன் தொண்டையில் உட்கார்ந்துகொண்டது.

"பத்து நாளா இப்படித்தான். சுவிட்ச் போர்டுலேர்ந்து வரது. என் சம்சாரம் படுக்கையை விட்டே எழுந்துக்கலை," என்றார் வீட்டுக்காரர் சுந்தரராமன். வயரிங் டெஸ்ட் ரிப்போர்ட்டை நீட்டினார். "இது உன் கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

வயரில் கசிவு இல்லை, எர்த் சரி, நேரில் சோதித்தேன் என்று அதில் எழுதியிருந்தது. கீழே அவன் லைசென்ஸ் நம்பர். ஆனால் இந்த வீட்டுக்குள் அவன் கால் வைப்பது இதுதான் முதல் தடவை. வயரிங் செய்த நாணு தாராவி டீக்கடையில் நீட்டிய தாளில், டீ ஆறுவதற்குள் போட்டுக் கொடுத்த கையெழுத்து.

சுவிட்சின் பேக்கலைட் பிளாஸ்டிக் சூடேறினால் மீன் நாற்றம் அடிக்கும். லூஸ் கனெக்ஷன்தான், தீப்பிடிப்பதற்குள் பார்த்துவிடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டான். மெயினை அணைத்து, ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, போர்டைத் தொட்டான். சில்லென்றிருந்தது. ஆனால் போர்டிலிருந்து உள்ளறை வரை சுவரில் ஓடிய, வயர்களை மூடும் மரச்சட்டம் காய்ச்சல்காரன் கையைப்போல வெதுவெதுத்தது.

கரண்ட் இல்லாமல் எப்படிச் சுடும்?

மூடிப்பலகையை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினான். உள்ளே முடி. எண்ணெய்ப் பிசுக்கும் சீழும் ஊறி, செத்த எறும்புகள் ஒட்டி, வயரைச் சுற்றிச் சுற்றிப் பின்னிக் கிடந்த நரைமுடி. எலி இழுத்து வந்திருக்கும். எலிதான்.

பிடித்து இழுத்தான். உள்ளறையில் ஒரு முனகல்.

விட்டான். நின்றது.

மறுபடி இழுத்தான். முனகல்.

"அம்மாவுக்கு என்ன செய்யுது சார்?"

"சுவத்தைப் பாத்தே படுத்திண்டிருக்கா. கூப்பிட்டாலும் திரும்பறதில்லை."

விரலில் ஒட்டிய பிசுக்கைச் சட்டையில் துடைத்தான். போகவில்லை. வாசல் ஆறடி தூரம்தான், ஓடிவிடலாம். ஆனால் கையெழுத்தை நம்பி உள்ளே ஒரு மனுஷி படுத்துக் கிடக்கிறாள்.

"மொதல்ல அம்மாவ வெளிய கொண்டாந்துருவோம். வாங்க சார்."

சுந்தரராமன் அசையவில்லை. "நீ போ. நான் வரலை."

அறை இருட்டு. கட்டில் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. அதில் ஒரு முதுகு.

"அம்மா."

தோளைத் தொட்டான். விரல் அமிழ்ந்தது. புடவை நனைந்திருந்தது. செத்துப் பல நாள்.

அப்படியானால் முனகியது?

அவள் நரைத்த பின்னல் தலைமாட்டு மரச்சட்டத்தின் இடுக்குக்குள் போயிருந்தது. முறுக்கேறி, விறைப்பாக. காதுக்கு மேலே தோல் உரிந்து பிரிந்திருந்தது. சட்டத்துக்குள் சத்தம். ஈரமாக. அவசரமில்லாமல். எதுவோ மென்றுகொண்டிருந்தது.

பின்னல் ஒரு விரற்கடை உள்ளே போனது. அவள் தலை சுவரில் இடித்தது.

இன்னும் ஒரு விரற்கடை.

டொக்.