எந்த மாற்றமும் இருக்காது

யாரோ ஒருவருடைய குடைக்கம்பி இடித்து அவனது மூக்குக் கண்ணாடி நடைபாதையில் விழுந்தது. குனிந்து எடுப்பதற்குள் இன்னொருவர் மிதித்துவிட்டார். கால் ஒடிந்த கண்ணாடியை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, மழையில் மங்கலாகத் தெரிந்த கண்ணாடிக் கடைக்குள் நுழைந்தான்.

"உட்காருங்க, வந்துடறேன்" என்றது ஒரு குரல்.

அந்தக் குரல்...

அவன் நின்றுவிட்டான். கண்ணாடி இல்லாவிட்டால் கையெட்டும் தூரம்கூட அவனுக்குக் கலங்கல்தான். மேசைக்குப் பின்னால் ஒரு நீல நிறம் அசைந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய வெளிச்சம்... அவ்வளவே. ஆனால் அந்தக் குரலை எந்தக் கூட்டத்திலும் அவன் கண்டுபிடித்துவிடுவான்.

"மன்னிச்சுக்கோங்க. காலையிலேருந்து போன்ல பாட்டுதான் போடறாங்க. ஆள் வர மாட்டேங்குது" என்று அவள் போனை வைத்தாள். "எங்க வாடிக்கையாளரோட கண்ணாடி பவரெல்லாம் ஒரு சாஃப்ட்வேர்ல இருக்கு. சின்னக் கம்பெனியா இருந்துச்சு. கூப்பிட்டா மனுஷன் எடுப்பான். இப்போ பெரிய கம்பெனி ஒண்ணு அதை வாங்கிடுச்சு. லெட்டர் வேற போட்டாங்க... 'உங்களுக்கு எந்த மாற்றமும் இருக்காது'ன்னு. எழுதின கையை ஒரு தடவை பாக்கணும்."

அவன் ஒடிந்த கண்ணாடியை மேசையில் வைத்துவிட்டு, கையை மெல்லக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"என்ன ஆச்சு?"

"அவங்க புது சாஃப்ட்வேரை ஏத்தின வாரமே ஒரு டீச்சரம்மாவுக்கு மைனஸ் லென்ஸுக்குப் பதிலா ப்ளஸ் போயிடுச்சு. படியில விழுந்து கையில கட்டு. எங்கப்பா கையால இப்படி நடந்ததே இல்ல. அந்த சாஃப்ட்வேர்தான் குறியை மாத்தியிருக்கு. அப்பா அன்னிக்கு உட்கார்ந்தவர்தான்... கடையை மூடிடலாங்கறார்." குரல் தாழ்ந்தது. "தப்பு எங்களுதுன்னு அவங்கள்ல ஒருத்தர் சொன்னாப் போதும் சார். அப்பா மறுபடி லென்ஸ் தேய்க்கற மெஷின்கிட்ட போவார்."

குறி மாறவில்லை. அது அவனுக்குத் தெரியும். இவளுடைய அப்பா முன்பொரு நாள் போனில் குரலைத் தணித்துக் கேட்டதும் நினைவிருந்தது... 'தம்பி, எனக்கு நடுப் பார்வை மட்டும் தேஞ்சுக்கிட்டே வருது. கண்ணாடி போட்டாலும் நிக்காதாம். எழுத்தைக் கொஞ்சம் பெருசாக்கித் தர முடியுமா? என் பொண்ணுக்குத் தெரிய வேண்டாம்.'

அன்றிலிருந்து அந்த ஒரு கடைக்கு மட்டும் அவன் எண்களைப் பெரிதாக்கி வைத்தான். மைனஸ் கோட்டைத் தடிமனாக, கறுப்பாக. வாங்கிய நிறுவனத்தில் எல்லாருக்கும் ஒரே திரை. கெஞ்சிக்கூடப் பார்த்தான். ஒரு கடைக்காக மாற்ற முடியாது என்றுவிட்டார்கள்.

உண்மையைச் சொன்னால் அந்தப் பெரியவரின் மானம் போகும். சொல்லாவிட்டால்...

"அந்த ஒருத்தன் நான்தாங்க" என்றான். "அந்த சாஃப்ட்வேர்ல வேலை பாக்கறவன். லெட்டர் எழுதினதும் நான்தான். தப்பு எங்களுது."

நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது.

"இவ்வளவு நேரம் கதை கேட்டீங்களா?" என்றாள். "எங்கப்பா சாப்பாட்டுல கை வைக்காம இருக்கார். நீங்க சாதாரணமா வந்து சொல்றீங்க. வெளிய போங்க."

போனான். கண்ணாடியை மேசையிலேயே விட்டுவிட்டு.

உள்ளறைத் திரைச்சீலை விலகியது. அப்பா சுவரைத் தடவியபடி வந்தார்.

"அந்தத் தம்பி குரல் மாதிரி இருந்துச்சேம்மா..."

"தப்பு அவங்களுதுன்னு ஒத்துக்கிட்டாங்கப்பா. நீங்க இனி..."

"பொய் சொல்லியிருக்கார்." அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "கோடு அங்கதான் இருந்துச்சு. எனக்குத்தான் தெரியல."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். அவள் அழக்கூட இல்லை. கைக்குக் கிடைத்த வேறு நிறக் காலொன்றை அந்தக் கண்ணாடிக்கு முடுக்கி, குடையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

பேருந்து நிறுத்தத்தில் அவன் தொப்பலாக நின்றிருந்தான்.

"எந்த பஸ்ஸுக்கு நிக்கிறீங்க?"

"நம்பர் தெரிஞ்சாத்தானே ஏறுறதுக்கு..."

குடை அவன் தலைக்கு மேல் வந்தது.

"ஏன் பழியை ஏத்துக்கிட்டீங்க?"

"பாதி எனக்கு உரியதுதான். அந்த லெட்டரை எழுதச் சொன்னாங்க, எழுதினேன். பெரிய எழுத்து போயிடும்னு தெரிஞ்சே எழுதினேன்."

"திரும்பக் கொண்டுவர முடியாதா?"

"முடியலங்க. வெள்ளிக்கிழமை பழைய சாஃப்ட்வேரை அடியோட நிறுத்திடுவாங்க. எனக்கும் அன்னிக்குத்தான் கடைசி நாள்."

அவள் தலை குனிந்தாள். "அப்பா மெஷினைத் துணி போட்டு மூடிட்டார். இனி தொட மாட்டேன்னுட்டார்..."

அவன் குடையைத் தன் கையில் வாங்கி அவள் பக்கம் சாய்த்துப் பிடித்தான்.

"ஒண்ணு சொல்லணும்" என்றான். "ஐயா போன் பண்ணும்போது பின்னாடி உங்க குரல் கேக்கும். 'அப்பா, காபி ஆறுது'ம்பீங்க. 'யார்கிட்டப்பா இவ்வளவு நேரம்'ம்பீங்க. சில நாள் வேணும்னே ஐயாவைக் காத்திருக்க வெச்சிருக்கேன்... இன்னொரு தடவை கேக்கலாம்னு. கம்பெனி கைமாறினப்ப, வேலை போச்சேன்னுகூட எனக்குத் தோணல. இனி அந்த போன் வராதேன்னுதான்..."

அவள் நிமிர்ந்தாள்.

"முகமே பாக்காமலா?"

"இப்பவும் பாக்கலையே. ஒரு நீலம்தான் தெரியுது."

நனைந்த முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். பிறகு கண்ணாடியை அவன் காதுகளில் பொருத்தினாள். ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் சிவப்பு. கலங்கல் விலகி முதலில் வந்தவை இரண்டு கண்கள்... சிவந்து, தூங்காமல், அவனையே பார்த்தபடி.

பேருந்து ஒன்று வந்து நின்றது. கிளம்பியது.

"பஸ் போயிடுச்சே" என்றாள்.

"நம்பர் பாத்தேன். என் பஸ்தான் அது."